டப்பாவில் அடைத்த ஒரு மாதம்

மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலின் கதிரியக்கத்தை அளக்கப் புறப்படும் பிஎச்.டி. மாணவருக்குக் காத்திருப்பும் ஒரு வேலை. மணலை அள்ளி, உலர்த்தி, சலித்து, டப்பாவில் காற்றுப் புகாமல் அடைத்து ஏறக்குறைய ஒரு மாதம் வைக்கிறார். ரேடியமும் அதன் வழிவந்த ரேடான் முதலியவையும் சமநிலைக்கு வந்த பிறகே காமா நிறமாலைமானிக்கு எடுத்துப்போகிறார். அந்த மாதக் கணக்கில் கட்டுரை பூஜ்யம். அதே மாதத்தில் முந்நூறு வினாத்தாளை நிரப்பி வாங்கும் இன்னொருவர் கட்டுரையே முடித்துவிடலாம். இருவரில் யாருக்குப் பொறுப்புணர்வு அதிகம்?

ஆய்வு மாணவரின் ஆளுமைக்கும் அவர் வெளியிடும் கட்டுரைகளுக்கும் முடிச்சுப்போடும் ஆய்வுகள் பெரும்பாலும் ஐந்து கூறுகளை அளக்கின்றன: புதுமை நாட்டம், பொறுப்புணர்வு, கலகலப்பு, இணக்கம், மனக்கலக்கம். இதை வெறும் ஜாதகம் என்று தள்ள மாட்டேன். பொறுப்புணர்வு பல தொழில்களிலும் வேலைத்திறனோடு சேர்ந்து வருவதை ஆய்வாளர்கள் பாரிக், மவுண்ட் இருவரின் 1991 தொகுப்பாய்வு காட்டியது. ஆய்வேடும் வேலைதானே.

என் வழக்கு அளவுகோலோடுதான். ‘எடுத்த வேலையை முடிப்பேன்’ என்ற வரிக்கு எதிரே, தாளை நீட்டியவர் கைடாகவே இருந்தால், ஸ்காலர் எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பார்? கட்டுரை வெளியான தெம்பில் கலகலப்பு வந்ததா, கலகலப்பால் கட்டுரை வந்ததா என்பதும் ஒருநாள் நிரப்பிய தாளில் தெரியாது. கட்டுரை எண்ணிக்கையையும் அப்படியே நம்ப முடியாது. ஆய்வேடு கொடுக்குமுன் ஒரு கட்டுரையாவது வெளியாகியிருக்க வேண்டும் என்றது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016 விதி. 2022 விதியில் அந்தக் கட்டாயம் இல்லை. கட்டாயத்துக்கு எழுதிய ஒற்றைக் கட்டுரையில் ஆளுமையை எங்கே தேடுவது?

கட்டுரையாக வராத ஆளுமையும் உண்டு. திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறிய கயிற்றைப் பார்த்தவர்கள் ஏராளம். அதில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்தவர் ஜெர்மானிய வேதியியலாளர் ஷோம்பெர்க். 1909இல், இந்த மணலுக்குக் கதிரியக்கம் தரும் மோனசைட் கனிமத்தைத் தேடி மணவாளக்குறிச்சிக் கரைக்கே வந்துவிட்டார். புதுமை நாட்டம் என்று பெயர் வைக்கலாம், ஆட்சேபம் இல்லை. ஆனால் அதன் பலன் தொழிற்சாலையாக எழுந்தது. கட்டுரைப் பட்டியலில் தேடினால் அகப்படாது.

இதைவிடக் கெடுதல், கூறு பழியாக மாறுவது. மணவாளக்குறிச்சியில் பஸ் ஏறி, நாகர்கோவிலில் மாறி, திருநெல்வேலி தாண்டி அபிஷேகப்பட்டிப் பல்கலைக்கழக வளாகத்துக்குப் போய்வரும் பெண்ணின் களைப்பு, தாளில் ‘மனக்கலக்கம்’ என்றுதான் பதிவாகும்.

வினாத்தாள் தயாரிக்கும் கைடுகள் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளட்டும்: கருவி கிடைக்க எத்தனை நாள் காத்திருந்தீர்கள்? கொடுத்த அத்தியாயத்தை உங்கள் கைடு எத்தனை வாரத்தில் திருப்பித் தந்தார்?