லைனும் லயமும்: ஒரு சொல்லின் இரு வரவுகள்

பினாங்கு ஜார்ஜ் டவுனில், பினாங்குச் சாலையை ஒட்டிய சந்தொன்றில் ‘லைன் கிளியர்’ என்னும் நாசி கண்டார் உணவுக்கடை பெயர்பெற்று விளங்குகிறது. அடுத்த நிலையம் வரையில் பாதை தடையின்றி உள்ளது, வண்டி செல்லலாம் என்று இசைவளிக்கும் இரயில்வேத் துறைத் தொடர் அது. தீவிலோ 1923ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய கொடிமலை இரயிலைத் தவிர வேறு இரயில் பாதை இல்லை. துறைச்சொல் ஒன்று தன் துறையை நீங்கியும் மக்கள் நாவில் வாழ இயலும் என்பதற்கு இப்பெயர்ப்பலகை தக்க சான்றாகும்.

‘லைன்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் மூலம் சணல்நூலைக் குறித்த இலத்தீன் சொல். நூலிலிருந்து நேர்கோடும், கோட்டிலிருந்து வரிசையும், எழுத்தின் வரியும், இரயில் பாதையும், தொலைபேசித் தொடர்பும் கிளைத்தன. இவ்வளர்ச்சி நமக்குப் புதிதன்று. இழையைக் குறித்த ‘நூல்’ ஏட்டையும் குறித்தது. மரத்தின் கோணலைத் தீர்க்கும் தச்சன் நூலோடு ஏட்டை ஒப்பிட்டு நன்னூலார் விளக்கம் தந்துள்ளார்.

கலைச்சொல் பட்டியல்களோ பெரும்பாலும் ஒரு சொல்லுக்கு ஒரு நிகர்ச்சொல் என்னும் முறையையே மேற்கொள்கின்றன. ‘லைன்’ என்பதற்குக் ‘கோடு’ என்று எழுதி அமைந்துவிட்டால் தொலைபேசியும் வரிசையும் விடுபடும். மேலும் ‘கோடு’ மலையுச்சியையும் விலங்கின் கொம்பையும் மரக்கிளையையும் குறிக்கும் பல்பொருட் சொல்லாகும். மலாய்மொழி வரைந்த கோட்டைக் ‘காரிஸ்’ என்றும், வரிசையைப் ‘பாரிஸ்’ என்றும், தொலைபேசித் தொடர்பைத் ‘தாலியான்’ என்றும் பிரித்து வழங்குகிறது. நாமும் கோடு, வரிசை, இணைப்பு எனப் பயன்பாடு நோக்கிப் பகுத்தல் வேண்டும். அவ்வாறு பகுத்த பின்னரும் எஞ்சி நிற்கும் சொல் ஒன்று உண்டு. அதுவே ‘லயம்’.

முன்னர் வெல்லெஸ்லி மாநிலம் எனப்பட்ட செபராங் பிறையில், 19ஆம் நூற்றாண்டிலேயே கரும்புத் தோட்டங்களில் தமிழர் உழைத்தனர். பின்னர் இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. தோட்டத் தொழிலாளர் வாழ்ந்த வரிசை வீடுகளே ‘லயம்’ எனப்பட்டன. இச்சொல்லைக் குதிரை ‘லாயத்தோடு’ இணைத்துக் காணச் சிலருக்குத் தோன்றலாம். ஆயினும் ஆங்கில ஆட்சியாளர் இவ்வீடுகளைக் ‘கூலி லைன்ஸ்’ என்றே குறித்தனர். இலங்கை மலையகத் தமிழில் ‘லயம்’ என்பதோடு ‘லயன்’ என்னும் வடிவமும் வழங்குவது ஆங்கில மூலத்தையே வலியுறுத்துகிறது.

ஆக, ஒரே சொல் நம்மிடம் இருமுறை வந்துள்ளது. முதலில் வந்தது தொழிலாளரின் காதுவழி வந்தது எனலாம். காலை அணிவகுப்பைக் குறித்த ‘பரேட்’ தோட்டத்தில் ‘பெரட்டு’ ஆனதும் இவ்வழியே. பிந்தைய ‘லைன்’ பள்ளியும் அலுவலகமும் தந்தது. இரண்டின் இலக்கண நடையும் வேறு. ‘லைன்’ ‘லைனில்’ என்றே நிற்க, ‘லயம்’ ‘மரம், மரத்து’ என்பதுபோல ‘லயத்து வீடு’, ‘லயங்கள்’ என்று மகர ஈற்றுப் பெயராகவே திரிந்து தமிழாயிற்று. லகரம் மொழிமுதல் வாராது என்னும் மரபை மட்டுமே அது மீறுகிறது. ‘இலயம்’ என்றெழுதினால் அக்குறையும் நீங்கும்.

பிறமொழிச் சொல் அனைத்தையும் ஏற்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. ‘இணைப்பு’ இருக்கத் தொலைபேசி ‘லைன்’ நமக்குத் தேவையில்லை. ஆனால் ‘லயத்தை’ நீக்கி ‘வரிசை வீடு’ என்று எழுதினால், இன்றைய நகர்ப்புற அடுக்குவரிசை இல்லமும் அதில் அடங்கிவிடும். தோட்ட நிருவாகத்துக்கு உரிமையான வீட்டில், வேலை போனால் கூரையும் போகும் என்னும் நிலையில் வாழ்ந்தவர்களின் வரலாறு அதில் ஒலிக்காது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்பு நிலங்களாக மாறியும் வந்தமையால் லயங்கள் அருகிவிட்டன. சொல்லும் அவற்றோடு அருகுகிறது. அகராதியில் அதற்கு இப்பொருள் தரப்படாவிடின், நாளை மலேசியத் தோட்டப் புதினத்தைப் படிக்கும் மாணவர் ‘லயம்’ என்பதை இசையின் காலப்பிரமாணம் என்றே கொள்ள நேரும். மலேசியத் தமிழுக்கென அகராதி தொகுப்போர் இச்சொல்லைப் பிழையென ஒதுக்காமல், வரலாற்றுக் குறிப்புடன் பதிவு செய்தல் இன்றியமையாததாகும். தூய்மை பேணுவது மொழிக்கு நாம் ஆற்றும் கடமை. வாழ்ந்த வாழ்க்கையைப் பதிவு செய்வது மக்களுக்கு நாம் ஆற்றும் கடமை. முன்னதன் பொருட்டுப் பின்னதைக் கைவிடுதல் தகாது.