லோடு வண்டிக்கு டீசல்தானா?

"வேலை வண்டின்னா டீசல்தான், பெட்ரோல் வண்டி லோடு இழுக்காது." ஷோரூம் விற்பனையாளர் முதல் ஸ்டாண்டில் நிற்கும் மூத்த டிரைவர் வரை எல்லோரும் சொல்வது இதைத்தான். குட்டியானை எனப்படும் சிறிய லோடு வண்டியை வாங்கப் போகிறவரும் அதை நம்பி, கூடுதல் விலைக்கு டீசல் வண்டியை எடுத்து டியூ கட்டத் தொடங்குகிறார். ஊருக்குள் மட்டும் ஓடும் சிறிய லோடு வண்டிக்கு இந்த அறிவுரை பொருந்தவில்லை என்பது என் நெடுநாள் கருத்து.

டீசலின் பெருமை பொய்யில்லை. குறைந்த சுற்றிலேயே நல்ல இழுவை கிடைக்கும். ஒரு லிட்டரில் பெட்ரோலைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் ஆற்றல் கூடுதல். நாமக்கல்லிலிருந்து வடக்கே போகும் லாரிக்கும், பாரம் ஏற்றிக் கொல்லிமலை ஏறும் பிக்கப்புக்கும் டீசலே சரி.

ஆனால் குட்டியானைக்காரரிடம் சொல்லப்படும் அறிவுரை வேறொரு காலத்தில் பிறந்தது. 2005இல் டாடா ஏஸ் வந்தபோது அதில் இருந்தது 702 சிசி இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின். சாலையோர மெக்கானிக்கே பிரித்துப் பூட்டிவிடுவார். 2012 மே மாதம் டெல்லியில் பெட்ரோல் 73 ரூபாயைத் தாண்டியது. டீசல் 41 ரூபாய்க்குள் இருந்தது. அந்த விலையில் டீசலைத் தவிர வேறெதையும் யோசிக்கவே வேண்டியதில்லை. 2014 அக்டோபரில் டீசல் மீதான விலைக் கட்டுப்பாடு போயிற்று. 2024 மார்ச்சில் விலை குறைக்கப்பட்டபின் சென்னையில் இரண்டுக்கும் இருந்த இடைவெளி எட்டு, ஒன்பது ரூபாய்தான்.

அதைவிடப் பெரிய மாற்றம் 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6 புகை மாசு விதி. அந்த விதிக்கு இணங்க டீசல் வண்டிகளின் புகைப்பாதையில் கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் வடிகட்டி வந்தது. பிடித்த கரியை அவ்வப்போது எரித்தாக வேண்டும். அதற்கு வடிகட்டிக்குள் 600 டிகிரி அளவுக்குச் சூடு ஏற வேண்டும். வண்டி நிற்காமல், சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். கோயம்பேட்டில் விடியற்காலை காய்கறி ஏற்றி வில்லிவாக்கத்தில் இறக்கி, அடுத்த டிரிப்புக்குக் காத்து நிற்கும் வண்டிக்கு அந்த ஓட்டம் எங்கே கிடைக்கும்? கரி எரியத் தொடங்கும்போதே சிக்னல் வரும், கடை வரும், சாவியைத் திருப்பி அணைத்துவிடுவார்கள். எரிப்பதற்கென்று எஞ்சின் கூடுதலாகப் பீய்ச்சிய டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியே கசிந்து எஞ்சின் ஆயிலில் கலக்கும். ஆயில் நீர்த்துப் போகும், வடிகட்டி அடைக்கும், டேஷ்போர்டில் விளக்கு எரியும், இழுவை குறையும். எந்த இழுவைக்காக வாங்கினாரோ, அதுவே கைவிடும்.

மைலேஜ் கணக்குச் சொல்பவர்கள் இதை ஏன் கணக்கில் சேர்ப்பதில்லை? நாளொன்றுக்கு 30 கிலோமீட்டர் ஓட்டம், டீசல் லிட்டருக்கு 20, பெட்ரோல் 16 தரும் என்று வைத்துக்கொள்வோம். அந்த 2024 மார்ச் விலையில் டீசலில் மிச்சமாவது நாளுக்குச் சுமார் ஐம்பது ரூபாய். வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் ஒவ்வொரு நாளும் அந்த மிச்சத்தைத் தின்னும். டியூ மட்டும் நிற்காது.

சிலர் வடிகட்டியையே அறுத்து எடுத்துவிடுகிறார்கள். இதைச் சாமர்த்தியம் என்று சொல்பவர்கள் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2012இலேயே வகைப்படுத்திவிட்டது. எஞ்சினை அணைக்காமல் சந்தில் நிற்கும் வண்டிக்குப் பின்னால் மூட்டை இறக்குகிறவர்தான் அதை முதலில் சுவாசிக்கிறார்.

தயாரிப்பாளர்கள் டீசலின் இந்தச் சிக்கல்களை உணராமல் இல்லை. மாருதி 2020இல் டீசலையே கைவிட்டு, சூப்பர் கேரியைப் பெட்ரோலிலும் சிஎன்ஜியிலும் விற்கிறது. டாடாவும் அதே ஆண்டு ஏஸில் பெட்ரோல் எஞ்சினைக் கொண்டுவந்தது. விற்கும் இடத்தில்தான் பழைய பாட்டு மாறவில்லை. அதிக விலை வண்டியைத் தள்ளிவிடும் அவசரத்தில், வாங்க வருபவரிடம் எத்தனை கிலோமீட்டர் ஓடும், எத்தனை முறை நிற்கும் என்று கேட்பதில்லை.

லோடு வண்டி வாங்கப் போகிறீர்கள் என்றால் ஒரு வாரம் உங்கள் ஓட்டத்தைக் குறித்து வையுங்கள். நெடுஞ்சாலையில் நிற்காத ஓட்டம் அதில் இல்லையென்றால், யார் சொன்னாலும் டீசலுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.