பில்லைப் படம் பிடித்தால் மட்டும் போதுமா? ஆஸ்திரேலிய வரிச் செயலி பற்றி ஒரு விமர்சனக் குறிப்பு

ஆஸ்திரேலியாவில் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர், வேலைக்காகத் தன் கைக்காசைச் செலவழித்தால் அதை வருமானத்திலிருந்து கழித்துக் காட்டலாம். நம்ம ஊரில் மாதச் சம்பளக்காரருக்கு அந்த வழி பெரும்பாலும் கிடையாது. செலவழித்தாலும் இல்லாவிட்டாலும் நிலையான கழிவு என்று ஒரு தொகையைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடுகிறார்கள். பழைய முறையில் 50,000 ரூபாய், புதிய முறையில் 2024-25 முதல் 75,000. அங்கே அப்படி இல்லை. பாதுகாப்புக் காலணி, தொழிற்சங்கச் சந்தா, கருவிகள் என்று ஒவ்வொன்றாகக் கணக்குக் காட்டணும், ஆதாரத்தை 5 வருடம் வைத்திருக்கணும். இதற்காகவே அந்நாட்டு வரித்துறை தன் கைப்பேசிச் செயலிக்குள் 'மை டிடக்‌ஷன்ஸ்' என்றொரு பகுதியை வைத்திருக்கிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். கடையில் கொடுக்கிற பில் பெரும்பாலும் வெப்பத்தில் அச்சாகிற தாள். சில மாதத்தில் எழுத்து மங்கி வெறும் தாளாகிவிடும். வாங்கின அன்றைக்கே படம் பிடித்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. படமும் ஆதாரமாகச் செல்லும். ஜூன் 30-ல் வரி ஆண்டு முடிந்ததும் பதிவுகளை அனுப்பினால், கணக்குப் படிவத்தில் அவை தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அதுவரை எல்லாம் நம் கைப்பேசியில்தான் இருக்கும். வரித்துறை எட்டிப் பார்க்காது என்பது ஒரு நிம்மதி. ஆனால் நகல் எடுத்து வைக்காமல் போனைத் தொலைத்தால் வருடக் கணக்கும் சேர்ந்து போய்விடும்.

என் குறை வேறு இடத்தில். வரித்துறை மூன்று விதி சொல்கிறது: காசு நீங்கள் போட்டதாக இருக்கணும், கம்பெனி திருப்பித் தந்திருக்கக் கூடாது; அந்தச் செலவுக்கும் உங்கள் சம்பாத்தியத்துக்கும் நேரடித் தொடர்பு வேண்டும்; ஆதாரம் வேண்டும். செயலி மூன்றாவதை அழகாகத் தீர்க்கிறது. தகராறு வருவதோ இரண்டாவதில். ஒரு பொருளைப் படம் எடுத்து ஒரு தலைப்பின் கீழ் போட்டதுமே 'இது கழிவு' என்ற நினைப்பு நமக்கு வந்துவிடுகிறது. சட்டத்தைப் பொறுத்தவரை அது வெறும் பதிவுதான்.

பயணத்தையே பாருங்கள். வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வரும் வழக்கமான பயணம் சொந்தச் செலவு என்று 1958-லேயே லன்னி வழக்கில் அந்நாட்டு உயர்நீதிமன்றம் சொல்லிவிட்டது. வேலை இல்லாவிட்டால் அந்தப் பயணமே இல்லையே என்று வாதாடலாம், எடுபடாது. தினமும் 40 கிலோமீட்டரை ஒழுங்காகக் குறித்து வைத்தாலும் அந்தக் குறிப்பால் அது கழிவாக மாறாது.

வீட்டிலிருந்து வேலை செய்கிறவர் கதை இன்னும் சிக்கல். நிலையான விகித முறையில் 2024-25-க்கு மணிக்கு 70 சென்ட். வாரம் 2 நாள், நாளுக்கு 8 மணி, 46 வாரம் என்றால் 736 மணி நேரம். 515 டாலர் 20 சென்ட். இந்த 70 சென்டுக்குள் மின்சாரம், இணையம், போன், எழுதுபொருள் எல்லாம் அடக்கம். ஆகவே மாதாமாதம் போன் பில்லைப் படம் பிடித்துத் தனியாகவும் கேட்டால் அது இரட்டைக் கணக்கு. மாறாக, வேலை செய்த மணிநேரத்தின் பதிவு கட்டாயம்; 'சுமாரா இவ்வளவு' என்பது 2023 மார்ச் 1-க்குப் பிறகு செல்லாது. பில் சேர்ப்பதில் காட்டிய அக்கறையை நேரம் குறிப்பதில் காட்டாதவர் இங்கே மாட்டிக்கொள்வார்.

300 டாலர் விஷயமும் இதே மாதிரிதான். வேலைச் செலவு மொத்தம் 300-க்குள் இருந்தால் ரசீது தேவையில்லை என்பது விதி. அதை 'எல்லாருக்கும் 300 இனாம்' என்று புரிந்துகொள்கிறவர்கள் உண்டு. செலவழித்திருக்கணும், எப்படிக் கணக்கிட்டோம் என்றும் சொல்லத் தெரியணும்.

அடுத்து, இந்த உழைப்பால் யாருக்கு என்ன லாபம்? கழிவு என்றால் அந்தப் பணம் அப்படியே திரும்பி வருவதில்லை. அதற்குரிய வரி மட்டும்தான் குறையும். 2024-25 விகிதப்படி, மெடிகேர் வரியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், வருடம் 35,000 டாலர் வாங்கும் துப்புரவுப் பணியாளர் காலணிக்கும் கையுறைக்கும் 400 டாலர் செலவழித்தால் 16 விழுக்காட்டில் 64 டாலர் மிஞ்சும். 2 லட்சத்துக்கு மேல் வாங்கும் மேலாளருக்கு அதே 400-க்கு 45 விழுக்காட்டில் 180. இரண்டு பேரும் எடுத்த படங்கள் ஒரே அளவு, குறித்து வைத்த நேரமும் ஒரே அளவு. அதிலும் மேலாளரிடம் கணக்கர் இருக்கலாம். துப்புரவுப் பணியாளர் ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்துதான் இதைச் செய்யணும். கருவி இலவசம் என்பதால் நேரமும் இலவசம் ஆகிவிடாது.

2025 தேர்தலின்போது லேபர் கட்சி, தனித்தனியாகக் கணக்குக் காட்டாமல் 1,000 டாலரை மொத்தமாகக் கழித்துக்கொள்ளும் வழியை 2026-27 முதல் தருவதாக அறிவித்தது. நம்ம ஊர் நிலையான கழிவுக்குக் கொஞ்சம் பக்கத்தில் வருகிற யோசனை. சின்னச் செலவுக்காரர்களுக்கு நல்ல செயலியைவிட, செயலியே தேவைப்படாத விதிதான் பெரிய உதவி என்பதை இது மறைமுகமாக ஒத்துக்கொள்கிறது.

அதுக்காகச் செயலியைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. செலவு அதிகமுள்ள தச்சர், மின்பணியாளர் போன்றவர்களுக்கு அது நிச்சயம் உதவும். படத்தோடு கூடவே ஒரு வரி எழுதி வையுங்கள்: இது எந்த வேலைக்கு, அதில் எத்தனை பங்கு சொந்த உபயோகம், கம்பெனி ஏதாவது திருப்பித் தந்ததா. நாளைக்கு வரித்துறை கேட்கப்போவது இதைத்தான். இந்த மூன்றையும் பதில் சொல்லாமல் நகர முடியாதபடி செயலியே கேட்டிருந்தால், நான் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க வேண்டியதில்லை.