எங்கள் கொல்லைப்புறத்து ராட்சதர்கள்

ஆமையை மந்தம் என்று சொல்கிறவர்கள் ஒருநாள் காலையில் எங்கள் வீட்டுக்கு வர வேண்டும். வெயில் மதிலைத் தாண்டிக் கொல்லைப்புறத்தில் இறங்கியதும் இருநூறு கிலோவைத் தொடும் ராஜா நான்கு கால்களையும் ஊன்றி எழுந்து நிற்பான். பின்னாலேயே பொன்னியும் சின்னத்தம்பியும். நான் கூடையை எடுத்துக்கொண்டு சமையலறைக் கதவைத் தாண்டினால் போதும், மூன்று கழுத்தும் நீண்டு என் பக்கம் திரும்பிவிடும். என் கணவர் வந்தால் திரும்பாது! சாப்பாடு கொண்டுவருகிற ஆள் யார் என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

இதை நான் பாசத்தில் சொல்லவில்லை. வியன்னா உயிரியல் பூங்காவில் ராட்சத ஆமைகளுக்கு நிறப் பந்தைக் கடித்துக் காட்டப் பழக்கியிருக்கிறார்கள். 9 ஆண்டுகள் கழித்து அதே ஆமைகளிடம் பந்தை நீட்டியபோதும் அவை மறக்கவில்லை. 2019-ல் வெளியான அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி வேறொன்று: தனியாகப் பழகிய ஆமையைவிடக் கூட்டமாகப் பழகியவை சீக்கிரம் கற்றுக்கொண்டன. ஒன்றைப் பார்த்து ஒன்று கற்கிறது! ராஜா எந்த வாழைமரத்தடியில் முதலில் போய் நிற்கிறானோ அங்கேதான் மற்ற இரண்டும் வரும். அதனால் யார் கேட்டாலும் ஒற்றை ஆமை மட்டும் வளர்க்காதீர்கள் என்றுதான் சொல்வேன்.

நாங்கள் இருப்பது சீஷெல்ஸ் நாட்டின் மாஹே தீவில். தலைநகர் விக்டோரியாவில் நவசக்தி விநாயகர் கோயிலைச் சுற்றித் தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. இந்த ஆமைகளின் சொந்த ஊர் மாஹேயிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் அல்டாப்ரா என்ற பவழத்தீவு. மற்ற தீவுகளில் இருந்த ராட்சத ஆமைகளையெல்லாம் கப்பல்காரர்கள் இறைச்சிக்காக அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். மாதக்கணக்கில் தண்ணீரும் தீனியும் இல்லாமல் கப்பலின் அடித்தளத்தில் உயிரோடு கிடக்கும் என்பதே அவற்றுக்கு வினையாகிவிட்டது. அல்டாப்ராவையாவது விட்டுவையுங்கள் என்று 1874-ல் மொரிஷியஸ் ஆளுநருக்குப் போன கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் சார்லஸ் டார்வினும் ஒருவர். இன்று அங்கே ஏறக்குறைய ஒரு லட்சம் ஆமைகள் மேய்கின்றன என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

வீட்டோடு ஆமை வளர்ப்பது இந்த ஊரில் பழைய வழக்கம். பெண் பிறந்தால் ஓர் ஆமைக்குஞ்சை வாங்கிவிட்டு, அவள் கல்யாணத்தன்று அதையே விருந்தாக்குவார்களாம்; பழைய ஆட்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தக் காலம் போய்விட்டது. இப்போது ஆமை வைத்துக்கொள்ள அரசு அனுமதி வேண்டும். எங்களுக்கு வந்த மூன்றும் பக்கத்துவீட்டுக் கிரியோல் பாட்டியுடையவை. அவர் மகன் வீட்டோடு போகும்போது, “ராஜா என் அப்பா வைத்திருந்தவன், நல்லபடியாகப் பார்த்துக்கொள்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அனுமதித் தாளையெல்லாம் எங்கள் பேருக்கு மாற்றிய பிறகு, மதிலில் ஒரு பக்கத்தை இடித்து வழி விட்டோம். அவ்வளவுதான், நடந்தே வந்துவிட்டார்கள்.

மாயவரத்திலிருந்து வந்த என் மாமியார் பார்த்த உடனே ஆரம்பித்துவிட்டார்.

“ஏம்மா, ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுன்னு உங்க வீட்டுல சொல்லிக் குடுக்கலையா?”

“நம்ம வீட்டுக்குள்ள அது புகலை அத்தை, அது பொறந்த ஊருக்குள்ளதான் நாம புகுந்திருக்கோம்” என்றேன்.

ஒன்றும் பேசவில்லை. ஆனால் மறுவாரமே பூஜைக்குப் பறித்த செம்பருத்தியில் பாதி பொன்னிக்குப் போகத் தொடங்கியது. செம்பருத்தி என்றால் உயிர் அவளுக்கு! பூவை நாக்கால் தொட்டு, வாயை அகலத் திறந்து, ஒரே கவ்வு. இளஞ்சிவப்பு நாக்கும் ஓரத்தில் சிவப்புச் சாறும் தெரியும். பல் கிடையாது; தாடையின் விளிம்புதான் அரிவாள்.

தீனி விஷயத்தில் நான் கறாரானவள். இவை புல் மேய்கிற பிராணிகள். முக்கால்வாசி வயிறு புல்லால்தான் நிறைய வேண்டும். கூடவே வாழை இலை, செம்பருத்தி இலை, மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் நாட்டு வாதுமை இலை. கடற்கரையில் பொறுக்கி வரும் கணவாய் ஓட்டைப் போட்டுவைத்தால் வேண்டியபோது கடித்துக்கொள்ளும், சுண்ணாம்புச் சத்துக்கு அது போதும். மாம்பழமும் பப்பாளியும் எப்போதாவது ஒரு துண்டு. பாவம் பார்த்துச் சோறும் பருப்பும் போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. குஞ்சுப் பருவத்தில் ஈரப்பதம் குறைந்து, தீனி மட்டும் அதிகமானால், ஓட்டின் கட்டங்கள் கூம்பு கூம்பாக எழும்பிவிடும். பிறகு ஆயுள் முழுக்கச் சரியாகாது. நல்ல வளர்ப்பை ஓடு பார்த்தே சொல்லிவிடலாம்: ராஜாவின் முதுகு வழவழவென்று ஒரே வளைவாக இறங்கும்.

நிழலும் சேறும் தீனியைவிட முக்கியம். இவ்வளவு பெரிய உடம்பு ஒருமுறை சூடேறிவிட்டால் லேசில் ஆறாது. நடுப்பகல் வெயிலில் ஒதுங்க இடமில்லாத ஆமை செத்தே போகும். புன்னை மரத்தடியில் பள்ளம் வெட்டித் தண்ணீர் விட்டிருக்கிறோம். பத்து மணிக்கெல்லாம் மூன்றும் அதில் இறங்கிவிட்டால் மாலைதான் எழும். வேலிக்கு ஒரு சூட்சுமம் உண்டு. கம்பிவலை கட்டாதீர்கள். அந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரிந்தால் போயே தீருவேன் என்று முட்டும், கம்பத்தோடு பெயர்த்துவிடும். கண்ணை மறைக்கிற மாதிரி கருங்கல்லை இடுப்பளவு அடுக்கினால் போதும், அதோடு உலகம் முடிந்தது என்று திரும்பிவிடும்.

இனி நான் சொல்லப்போவதை ஒருமுறை அனுபவித்தவர்கள் மறக்கவே மாட்டார்கள். ராஜாவின் கழுத்துக்கடியில், தோல் மடிந்து தொங்கும் இடத்தில், விரல் நுனியால் மெல்லத் தேய்க்க வேண்டும். முதலில் புஸ்ஸென்று ஒரு மூச்சு. விலா எலும்புகள் ஓட்டோடு ஒட்டியிருப்பதால் நம்மைப்போல மார்பு விரிய மூச்சுவிட முடியாது, தசைகளையும் கால்களையும் அசைத்துத்தான் காற்றை உள்ளே இழுத்து வெளியே விட வேண்டும். தலையை இழுக்கும்போது அந்தக் காற்றுதான் சீறுகிறது. அப்புறம் பயம் தெளிந்து, கால்கள் ஒவ்வொன்றாக நிமிரும். அடி ஓடு தரையைவிட்டு மேலே மேலே எழும். கழுத்து விறைப்பாக வானத்தைப் பார்த்து நீளும். கண் பாதி மூடிக்கொள்ளும். தோல் உலர்ந்து சொரசொரப்பாக இருந்தாலும் மடிப்புக்குள் கை போனால் வெதுவெதுப்பு! நான் கையை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே நிற்பான். ஓட்டையும் பிரஷ்ஷால் தேய்த்துவிடுவோம், அதற்கும் உணர்ச்சி உண்டு. வாலை ஆட்டி ஆட்டிப் பின்பக்கத்தைக் காட்டுவான்.

மழைக்காலத்து முதல் மழையையும் பார்க்க வேண்டும். குட்டையில் மூக்கை அழுத்தி, மூக்காலேயே தண்ணீரை உறிஞ்சும். அல்டாப்ராவில் பாறைக் குழிகளில் விரல்கடை தண்ணீர்தான் தேங்கும் என்பதால் வந்த வித்தை இது.

எங்கள் தோட்டத்துக்கு உரம் வாங்கி நாளாகிறது. நார் நாராக விழும் ஆமைச் சாணத்திலிருந்து கொய்யாவும் பப்பாளியும் தானே முளைக்கின்றன. மொரிஷியஸின் சிறுதீவு ஒன்றில் சொந்த ஆமைகள் அழிந்த பிறகு அல்டாப்ரா ஆமைகளைக் கொண்டுபோய் விட்டார்கள். அவை பழத்தைத் தின்று விதையைப் போட, அங்கே கருங்காலிக் கன்றுகள் மறுபடி தலைகாட்டின. என் தோட்டத்தில் கொய்யாக் கன்றைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கருங்காலிதான் நினைவுக்கு வரும்.

பொன்னி முட்டையிட்டது போன தென்கிழக்குக் காற்றுக் காலத்தில். மாலை மங்கும் நேரம், பின்னங்கால்களாலேயே மாற்றி மாற்றித் தோண்டினாள். மண் இறுகியிருந்த இடத்தில் சிறுநீரை விட்டு இளக்கிக்கொண்டாள். டென்னிஸ் பந்து அளவில் வெள்ளை வெளேரென்று முட்டைகள். ஒவ்வொன்றையும் பின்னங்காலால் ஏந்திக் குழியில் உருட்டிவிட்டாள், கண்ணால் பார்க்காமலேயே! எது ஆண், எது பெண் என்பதை மண்ணின் சூடு தீர்மானிக்கும். மழை தொடங்கியபோது உள்ளங்கையில் அடங்கும் கறுத்த குஞ்சுகள் மேலே வந்தன. எலியும் பூனையும் அண்டாமல் வலைக்கூண்டில் வைத்திருக்கிறோம். இலைகளை மாமியார்தான் பொடிப்பொடியாகக் கிள்ளிப் போடுகிறார்.

வருகிறவர்கள் எல்லோரும் ராஜாவுக்கு என்ன வயது என்று கேட்பார்கள். ஓட்டின் வளையங்களை எண்ணிப் பயனில்லை, வயதானால் தேய்ந்துவிடும். இங்கிருந்து 1882-ல் செயிண்ட் ஹெலினா தீவுக்குப் போன ஜோனத்தான் என்ற ஆமை 1832 வாக்கில் பிறந்தவன் என்று கணக்கிடுகிறார்கள். வளர்க்கிறவர்களைத் தாண்டி வாழ்கிற ஜாதி இது. ஆகவே ராஜாவுக்கு நாங்கள் இன்னுமொரு வீட்டுக்காரர்கள், அவ்வளவுதான். அடுத்து யார் என்பதை இப்போதே எழுதிவைத்துவிட்டோம். என் மகள் எங்களுக்கு முன்னாலேயே கையெழுத்துப் போட்டாள். “ராஜா எனக்கு, குஞ்சுங்களும் எனக்கு” என்று அவளுக்கு அதில் கண்டிப்பு.

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் ஆசைப்பட்டு யாரிடமும் ஆமை வாங்கிவிடாதீர்கள். நம்மூர் நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பதே சட்டப்படி குற்றம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குப் போங்கள், அங்கே அல்டாப்ரா ஆமைகள் உண்டு. பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் நிழலைவிட்டு நகரமாட்டார்கள்.