சீதனக் காணியும் கணவரின் சம்மதமும்

வெஸ்ட் ஈலிங்கில், கனக துர்க்கை அம்மன் கோயிலை அண்டி வாழும் யாழ்ப்பாணக் குடும்பங்கள் பலவற்றுக்கு ஊரில் இன்னும் காணி உண்டு. மனைவியின் சொத்து அவளுக்கே உரியது என்று இங்கிலாந்துச் சட்டம் 1882 இலேயே ஏற்றது. ஆனால் வெளிநாட்டுக் காணிக்கு அந்தந்த நாட்டுச் சட்டமே செல்லும். ஆகவே தாய் கொடுத்த சீதனக் காணியை விற்கவோ ஈடுவைக்கவோ அற்றோர்னி அனுப்பும் பெண்ணிடம், யாழ்ப்பாணத்து நொத்தாரிசு கணவரின் எழுத்துமூலச் சம்மதம் கேட்பார். இந்த விதி யாழ்ப்பாண வாசிகளுக்கே உரியது என்பதால், லண்டனில் நிரந்தரமாகக் குடியேறியவர் இன்னும் யாழ்ப்பாண வாசியா என்பதே தனி வழக்காகலாம்.

இந்த விதியின் பின்னே நிற்பது வடக்குத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை. அதை 1707 இல் ஒல்லாந்தத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்தார். முதலிமார் பன்னிரண்டு பேர் சரிபார்த்தனர். 1806 இல் பிரித்தானியர் அதை ஏற்றனர். இது மதம் பார்ப்பதில்லை. வடக்கின் சைவருக்கும் கிறிஸ்தவருக்கும் ஒன்றே. மட்டக்களப்புத் தமிழருக்கோ பொதுச்சட்டம். தமிழ்நாட்டிலோ சட்டத்தைப் பிரிப்பது மதம்: இந்துவுக்கு 1956 ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டம், கிறிஸ்தவருக்கு 1925 ஆம் ஆண்டுச் சட்டம்.

யாழ்ப்பாண மகளுக்குச் சீதனமாகக் காணியும் வீடும் பழங்காலத்திலேயே கிடைத்தன. அதே காலத்தில் தமிழ்நாட்டு இந்து மகளுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமை இல்லை. இதை நாம் பெருமையாகச் சொல்வதுண்டு, சொல்லலாம். ஆனால் 1956 இலேயே இந்து மனைவி தன் சொத்தின் முழு உரிமையாளர் ஆனாள். பத்திரம் எழுதக் கணவரின் சம்மதம் வேண்டியதில்லை. 1989 இல் தமிழ்நாடு மகளுக்குச் சமபங்கு கொடுத்தது, அதற்கு முன் மணமானவர்களை விட்டுவிட்டு. அந்தத் தடையை 2005 ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தம் நீக்கியது. திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

இலங்கையில் 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் சட்டம் 1947 இல் திருத்தப்பட்டும், சம்மத விதி நின்றது. 1978 அரசியலமைப்பின் 16 ஆம் உறுப்புரை, அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும் பழைய சட்டங்கள் செல்லும் என்று அதற்கு வேலி போட்டது. வழமையைக் காப்பதும் உறையவைப்பதும் வேறு வேறு. ஊர் தானே மாற்றிக்கொண்டிருக்கக்கூடிய ஒரு வழக்கத்தை அரசு எழுதிப் பூட்டிவிட்டது.

கணவர் கைவிட்டால், இருக்குமிடம் தெரியாவிட்டால், நியாயமின்றி மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம் என்கிறது சட்டம். போரில் கணவர் காணாமற்போன பெண், தன் காணியை விற்கவே இப்படி வழக்காட வேண்டியிருக்கிறது. சீதனம், முதுசம் (பரம்பரைச் சொத்து), தேடியதேட்டம் (மணவாழ்வில் தேடிய சொத்து) எல்லாம் இருக்கட்டும். சம்மதம் கேட்கும் அந்த விதியை மட்டும் நாடாளுமன்றம் நீக்க வேண்டும். அதைக் கேட்க வேண்டியவர்கள் வடக்கின் தமிழ்ப் பிரதிநிதிகளே.