கப்பலும் தாயகமும்: ‘லங்கா ராணி’ பற்றிய ஒரு நோக்கு

ஈழத்துத் தமிழ் நாவல் வரலாற்றில், அரசியல் இயக்கமொன்றின் கருத்துநிலையை நேரடியாகப் புனைகதையாக்கிய முயற்சிகளுள் அருளரின் ‘லங்கா ராணி’ (1978) குறிப்பிடத்தக்கது. 1975இல் இலண்டனில் உருவான ஈழப் புரட்சி அமைப்பின் முன்னோடிகளுள் ஒருவர் அருளர். 1977 ஓகஸ்ட் இனவன்செயலில் அகதிகளாகிய தமிழர் கொழும்பிலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் அனுப்பப்பட்டமையே நாவலின் களம். 1976 மே 14இல் வட்டுக்கோட்டைத் தீர்மானம் தனியரசுக் கோரிக்கையை முன்வைத்திருந்தது; 1977 யூலைத் தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணி 18 ஆசனங்களைப் பெற்றிருந்தது. தீர்மானத்தில் சொல்லாக இருந்த தாயகம், இந்நாவலில் ஓர் இறங்குதுறையாகிறது.

இக்களத்தேர்வு நாவலின் பலமும் பலவீனமுமாகும். வெவ்வேறு வர்க்கத்தினரை ஒரே தளத்தில் நிறுத்தி விவாதிக்க வைப்பதற்குக் கப்பல் வாய்ப்பளிக்கிறது. தாயகம் எவருக்கானது என்ற வினா நாடாளுமன்ற அரசியலின் எல்லைக்கு வெளியே எழுப்பப்படுகிறது. மலையகத் தமிழரையும் உள்ளடக்கியே ஈழத்தை இவ்வியக்கம் கற்பனை செய்தது என்பதும் மனங்கொளத்தக்கது. ஆயினும் பாத்திரங்கள் வாழ்வதிலும் பார்க்க வாதிடுவதே அதிகம். மேலும், அகதிநிலை வர்க்க வேறுபாட்டை மறைக்கிறதேயன்றி அழிப்பதில்லை. கரையிறங்கியதும் ஒருவனுக்குப் பரம்பரை வீடும் காணியும் உண்டு. மற்றவனுக்கு முகாம்தான் உண்டு.

இரத்மலானையிலிருந்து நோக்குமிடத்து இம்முரண்பாடு மேலும் தெளிவாகிறது. 1983 யூலையில் இங்குள்ள விமானத்தளம் அகதிமுகாமாயிற்று. மீண்டும் கப்பல்கள் வடக்கே சென்றன. எனினும் பின்னர் பலர் வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் திரும்பினர். தாயக உணர்வு அவர்களிடம் இல்லை என்பது இதன் பொருளன்று. தொழிலும் வாழ்க்கையும் ஓரிடத்தில், பாதுகாப்பு வேறோரிடத்தில் என்ற பிளவே அவர்களது யதார்த்தம். ஒருவழிப் பயணமாக அமைந்த நாவலின் வடிவம் இவர்களின் திரும்புபயணத்தைத் தன்னுள் அடக்க இயலாதது.

இவ்வாறு கூறுவதால், தேசியத்தைப் பூர்ஷ்வா மாயையென ஒதுக்கிய இடதுசாரி மரபின் தவறு மறைந்துவிடாது. பௌத்தத்துக்கு முதன்மைத் தானம் வழங்கிய 1972 அரசியல் யாப்பின் ஆக்கத்தில் முன்னின்றவர் சமசமாஜக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா ஆவார். வர்க்க ஒற்றுமை பேசியோர் கைவிட்ட இடத்திலேயே ‘லங்கா ராணி’ போன்ற படைப்புகள் தோன்றின. அந்நாவலை விமர்சிக்கும் மார்க்சியர், முதலில் இதனை ஏற்றாதல் வேண்டும்.

சிதறிய மக்களின் தாயக வேட்கை நமக்கு மட்டும் உரியதன்று. 1919இல் பாரிஸ் சமாதான மாநாட்டில் அசீரியர் தமது கோரிக்கையை முன்வைத்தனர். 1920இன் செவ்ர் உடன்படிக்கை பாதுகாப்பை மட்டுமே பேசிற்று; 1923இன் லோசான் உடன்படிக்கையில் அவர்தம் பெயரே இல்லை. 1933இல் ஈராக்கின் சிமெலேயில் அவர்கள் படுகொலை செய்யப்பட்டனர். வல்லரசுகளின் வரைபடத்தை நம்பிய தேசியத்தின் கதி இது.

நமது தேசியத்துக்கு இன்னொரு பாடமும் உண்டு. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, தாயகத்தின் பேராலேயே மீண்டும் அகதிகள் உருவாக்கப்பட்டனர். ‘லங்கா ராணி’யின் அகதி வடக்கை நோக்கிப் பயணித்தான், இவர்கள் வடக்கிலிருந்து துரத்தப்பட்டனர். இவ்விரு பயணங்களையும் ஒருங்கே காணும் நாவலே, 2009க்குப் பின்னர் தாயகம் பற்றி நேர்மையாகப் பேச வல்லது.