ஆழ்வார்க்கடியான் யாருடைய ஆள்?

'பொன்னியின் செல்வன்' திரைப்படத்தின் இரு பாகங்களும் 2022 செப்டெம்பரிலும் 2023 ஏப்ரலிலும் வெளிவந்தபோது, மெல்பேணிலும் சிட்னியிலும் நம்மவர் நடத்திய விவாதங்கள் நந்தினியையும் வந்தியத்தேவனையும் சுற்றியே நின்றன. ஆழ்வார்க்கடியான் நம்பியைப் பற்றிப் பேசியவர்கள், ஜெயராம் நன்றாகச் சிரிக்க வைத்தார் என்பதோடு முடித்துக்கொண்டார்கள். ஓர் ஒற்றனைப் பார்த்து நாம் இவ்வளவு நிம்மதியாகச் சிரித்தோம் என்பதே என்னை யோசிக்க வைத்தது.

கல்கி இந்நாவலை 1950 முதல் 1954 வரை தொடராக எழுதினார். இரண்டாம் அத்தியாயத்திலேயே நம்பி வருகிறான். வீரநாராயணபுரத்தில் சைவரோடும் அத்வைதியோடும் கைத்தடியை ஓங்கியபடி வாதிடும் முரட்டு வைணவனாகவே வாசகன் அவனைக் காண்கிறான். பிறகு கடம்பூர் மாளிகையின் நள்ளிரவுச் சதிக் கூட்டத்தின்போது மதிற்சுவரின்மேல் அவன் தலை தெரிகிறது. திருப்புறம்பயம் பள்ளிப்படைக் காட்டில், பாண்டிய ஆபத்துதவிகள் பேசுவதை ஒளிந்திருந்து கேட்கிறான். முதன்மந்திரி அநிருத்தப் பிரமராயரின் ஒற்றன் என்பது சிறிது சிறிதாகவே உறுதியாகிறது. அதுவரை அவனை நம்புவதா விடுவதா என்பது வாசகன் தானே தீர்க்க வேண்டிய பிரச்சினை.

தெரிந்த பின்பும் பிரச்சினை தீர்வதில்லை. நம்பி பாண்டிய நாட்டவன். சோழ அரசுக்கு வேலை செய்கிறான். சதியின் நடுவில் நிற்கும் நந்தினியோ அவன் தங்கையாக எண்ணி வளர்த்த பெண். அவளைத் தேடுவது பாசத்தாலா, உத்தியோகத்தாலா? அவனுடைய வைணவப் பற்று உண்மையா, வேடமா? இரண்டுமே என்பதுதான் கல்கியின் பதில். ஒற்றன் முழுப் பொய்யன் அல்லன். உண்மையான அன்பையும் உண்மையான பக்தியையுமே கருவியாகப் பயன்படுத்துகிறான். நாவல் இதை அழுத்திச் சொல்லவில்லை. ஆனால் சந்தேகிப்பதற்கு இடம் வைத்திருக்கிறது.

மணிரத்தினத்தின் படத்தில் அந்த இடம் இல்லை. நம்பி வந்தவுடனேயே நம் பக்கத்து ஆளாகிவிடுகிறான். சமய வாதம் நகைச்சுவையாகச் சுருங்குகிறது. நந்தினி மீதான பாசம் கதையை நகர்த்தும் வலுவை இழக்கிறது. எஞ்சுவது வந்தியத்தேவனுக்கு ஏற்ற வழித்துணைவன். ஐந்து பாக நாவலை ஏறத்தாழ ஐந்தரை மணித்தியாலத்தில் அடக்க வேண்டிய நெருக்கடியை நான் மறுக்கவில்லை. ஆனால் சுருக்கும்போது எதை விடுவது என்பது தெரிவு. தெரிவுக்குப் பின்னால் ஒரு பார்வை உண்டு.

இது தமிழுக்கு மட்டும் உரிய விபத்தன்று. நம்பி தொடராக உலவிக்கொண்டிருந்த 1953இல்தான் இயன் பிளெமிங்கின் 'கசினோ றோயல்' வெளிவந்தது. அந்நாவலின் ஜேம்ஸ் பொண்ட், சித்திரவதைக்குப் பின் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, நல்லவர் யார் தீயவர் யார் என்று குழம்பி வேலையை விட்டுவிட நினைக்கிறான். 1962இல் 'டொக்டர் நோ' படத்தில் ஷோன் கொனரியாகத் திரைக்கு வந்த பொண்டிடம் அக்குழப்பம் இல்லை. திரை முதலில் பறிப்பது ஒற்றனின் தயக்கத்தை.

இனி நம் விடயத்துக்கு வருவோம். வீரநாராயணபுரம் என்பது இன்றைய காட்டுமன்னார்கோயில். அங்குள்ள உடையார்குடிக் கல்வெட்டு, இராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களாக இரவிதாசன் முதலியோரைக் குறிப்பிட்டு, அவர்களுடைய சொத்துகளை மட்டுமன்றி உறவினரின் சொத்துகளையும் பறிக்க உத்தரவிடுகிறது. அவர்களைச் சுட்ட அரசு கல்லில் வெட்டிய சொல் 'துரோகிகள்'. இந்த இரவிதாசன் பிரமாதிராசன் என்ற பட்டம் பெற்றிருந்தவன். கல்கி அவனை மந்திரவாதி வேடத்தில் திரியும் சதிகாரனாக்கினார். நம்பியும் வேடமிடுகிறான், இரவிதாசனும் வேடமிடுகிறான். இருவரும் மறைந்திருந்து கேட்கிறார்கள். ஒருவன் வேடிக்கை மனிதன், மற்றவன் கொடியவன். வேறுபாடு செயலில் இல்லை. யாருக்காகச் செய்கிறான் என்பதில் இருக்கிறது.

துரோகி என்ற சொல்லை நாம் கல்வெட்டில் படித்து அறிந்தவர்களல்லர். எண்பதுகளின் பிற்பகுதியில் நான் பள்ளி மாணவன். சுற்றிவளைப்புகளில் சாக்கால் முகம் மூடிய 'தலையாட்டி' முன் வரிசையில் நடந்தவர்கள் நாம். அதே காலத்தில் உளவாளி என்ற ஒற்றைச் சொல்லோடு மின்கம்பத்தில் கட்டப்பட்டவர்களையும் கண்டோம். அவர்களில் எத்தனை பேர் உண்மையில் உளவு சொன்னவர்கள் என்று எவரும் விசாரிக்கவில்லை. அந்தப் பயம் நம்மோடு விமானமேறி வந்திருக்கிறது. நான் வேலை செய்யும் தொழிற்சாலையில், தேநீர் இடைவேளையில் ஊர்க்கதை பேசும் இரண்டு தமிழர், மூன்றாமவர் வந்து அமர்ந்ததும் மழையைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார்கள்.

கல்கியும் ஒற்றுக்கேட்கப்பட்டவர் பக்கம் முழுமையாக நின்று எழுதியவரல்லர். சோழப் பேரரசு நமது என்ற பெருமிதம் அவரை நம்பியின் பக்கமே சாய்த்தது. விரிவுரையாளனாக இருந்த காலத்தில் இதை மாணவரிடம் குறையாகவே சொன்னேன்; இன்றும் அதுவே என் கருத்து. ஆயினும் பள்ளிப்படைக் காட்டில் ஆபத்துதவிகள் தம் இறந்த மன்னனுக்காகக் கொண்ட சபதத்தை நம்பியின் காதால் நம்மையும் கேட்க வைத்தார். அவர்களுக்கும் ஒரு துயரம் உண்டு என்பதை வாசகன் மறக்க முடியாது.

இது வெறும் பொழுதுபோக்கு, இதற்கு ஏன் இவ்வளவு ஆராய்ச்சி என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நம் பக்கத்து ஒற்றன் சிரிப்புக்குரியவன், அடுத்த பக்கத்து ஒற்றன் சாவுக்குரியவன் என்ற கணக்கில்தான் நாம் பலரை இழந்தோம். அதே கணக்கைத் திரை அழகாகப் போட்டுக் காட்டும்போது, நாவலைக் கையில் எடுத்து இரண்டாம் அத்தியாயத்திலிருந்து மீண்டும் படிப்பதில் பயனுண்டு.